அலுமினியத்தையும் இரும்பையும் எந்த ராடு வைத்து ஒட்டுவது?

மினி லாரிக்கு எம்எஸ் (சாதாரண இரும்பு) சதுரக் குழாயில் சட்டம் அடித்து, அதன்மேல் 3 மி.மீ. அலுமினிய செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடு போட்ட தகடு) போட வேண்டும். போல்ட், ரிவெட் எதுவும் மேலே தெரியக்கூடாது, முழுக்க வெல்டிங்தான் வேண்டும் என்கிறார் பார்ட்டி. உங்களிடம் ஏசி-டிசி ஆர்கான் வெல்டிங் மெஷின் இருக்கிறது. கடைக்காரர் தந்த 309 ராடு ஒட்டவில்லை. வீடியோவில் யாரோ ஒருவர் அழகாக ஒட்டிக் காட்டுகிறார். “எந்த ராடு வாங்கணும், அண்ணன்மார் யாராவது சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். கேள்வி ராடைப் பற்றியது போலத் தெரிகிறது. உள்ளே இருப்பது வேறு கேள்வி: இந்த இரண்டையும் உருக்கி, சுமை ஏறினாலும் மேடு பள்ளத்தில் குதித்தாலும் விடாத ஒரே ஜாயின்ட்டாக என் பட்டறையில் செய்ய முடியுமா? அதற்கு என் பதில், முடியாது. எந்த ராடு வாங்கினாலும் முடியாது. ஆனால் உலகத்தில் நடக்காத காரியமும் அல்ல. கப்பலில் நடக்கிறது, காரில் நடக்கிறது, உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே நடந்திருக்கிறது. அங்கெல்லாம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், உங்கள் வண்டிக்கு என்ன செய்யலாம் என்பதும் தெளிந்துவிடும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கழிக்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் “ஒட்டாது” என்றுதான் பட்டறைகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மை நேர் எதிர். உருகிய அலுமினியம் சுத்தமான இரும்பைத் தொட்டால் பாய்ந்து ஒட்டும், இரும்பையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்னும். அலுமினியம் ஊற்றும் இடத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், இரும்புக் கரண்டிக்கு ஏன் பூச்சு தடவுகிறார்கள் என்று. தடவாவிட்டால் கரண்டி நாளாக ஆக மெலிந்துகொண்டே போகும். ஒட்டாமல் போவது நம் தலைவலி இல்லை. அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்வதுதான் தலைவலி.

எஸ்எஸ் எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் எம்எஸ்ஸையும் சேர்த்து உருக்கினால் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து புதியதொரு எஃகு வரும். அலுமினியத்திலும் இரும்பிலும் அது நடக்காது. திட அலுமினியம் தனக்குள் இரும்பை ஏற்றுக்கொள்ளும் அளவு மிகக் குறைவு, அதிகபட்சம் 0.05 சதவீதம் அளவுக்குத்தான். மிச்ச இரும்பு சும்மா இருக்காமல் அலுமினியத்தோடு சேர்ந்து தனிச் சேர்மங்களாக மாறுகிறது. இரண்டு இரும்பு அணுவுக்கு ஐந்து அலுமினிய அணு, ஒரு இரும்புக்கு மூன்று அலுமினியம் என்று பல விகிதங்களில் அவை உருவாகும். பெயருக்குத்தான் உலோகம், குணத்தில் பீங்கான். விக்கர்ஸ் அளவில் கடினம் சுமார் 1000 வரை போகும், சாதாரண எம்எஸ் 150-ஐ ஒட்டித்தான் இருக்கும். இவ்வளவு கடினமான பொருள் வளையாது, நெளியாது. சுமை வந்தால் முறுக்கு உடைவதுபோலப் படக்கென்று உடையும். இரும்பு பக்கமும் அலுமினியப் பக்கமும் எவ்வளவு பலமாக இருந்தாலும், நடுவில் இந்தப் படலம் தடித்துவிட்டால் ஜாயின்ட்டின் பலம் அந்தப் படலத்தின் பலம்தான்.

எனக்கு இது புரிந்தது ஒரு சத்தத்தில். தொழிலுக்கு வந்த புதிதில், யார் பேச்சையும் கேட்காமல், ஓர் இரும்புப் பட்டையில் அலுமினியப் பட்டையை ஆர்கானில் ஓட்டினேன். பீடு, அதாவது வெல்டிங் விழுந்த வரி, பார்க்க மோசமில்லை. பெருமையோடு மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். யாரும் தொடவில்லை. ஆறும்போது அலுமினியம் இரும்பைவிட அதிகம் சுருங்குகிறது, அந்த இழுவையிலேயே பீடு இரும்பிலிருந்து கழன்றுவிட்டது. உடைந்த முகம் பளபளவென்று சின்னச் சின்னத் தளங்களாக இருந்தது, துளிகூட இழுபட்ட அடையாளம் இல்லை. உங்கள் 309 துண்டு விட்டுப்போன இடத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள், அதே பளபளப்பு இருக்கும்.

309 ஏன் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். எஸ்எஸ்ஸை எம்எஸ்ஸோடு ஒட்ட அதுதான் சரியான ராடு. “வேறு வேறு உலோகத்துக்கு 309” என்று மனப்பாடமாகிவிட்டதால் எடுத்துக் கொடுத்திருப்பார். அது இரும்பு, குரோமியம், நிக்கல் சேர்ந்த ராடு; உருக 1400 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும். ராடு உருகும் நேரத்தில் உங்கள் செக்கர் பிளேட் ஓட்டையாகியிருக்கும். இன்னொரு பெயரும் ஆளை ஏமாற்றும், அலுமினியம் ப்ரான்ஸ் ராடு. பெயரில் அலுமினியம் இருந்தாலும் அது செம்பு வகை. உருகுநிலை 1000 டிகிரிக்கு மேல், அலுமினியப் பிளேட்டுக்கு அதுவும் ஆகாது. அலுமினியத்துக்கான 4043, 5356 ராடுகளை நேராக எம்எஸ் மேல் உருக்கினால் ஒட்டும், மேலே சொன்ன படலத்தோடு ஒட்டும், ‘டிக்’ என்று விடும்.

சரி, அந்தப் படலம் எப்போது தடிக்கிறது? இதில் பெரிய சந்தேகம் எதுவும் இல்லை. சூடு எவ்வளவு, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்ற இரண்டும்தான் கணக்கு. சூடு ஏற ஏற வளர்ச்சி தாறுமாறாகக் கூடும். நேரம் நாலு மடங்கானால் தடிமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். படலம் 10 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் ஜாயின்ட் உருப்படும் என்று ஆராய்ச்சியாளர்கள் பரவலாகச் சொல்வார்கள். நம் தலைமுடியின் தடிமனே பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு மேல் என்பதை வைத்து அளவைப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் இந்த 10-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். படலம் ஒரே சீராக இருக்கிறதா, பல் பல்லாக இரும்புக்குள் இறங்கியிருக்கிறதா, எந்தச் சேர்மம் அதிகம், சுமை எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பொறுத்து 5 மைக்ரானிலேயே போனவையும் உண்டு, 10-ஐத் தாண்டியும் நின்றவையும் உண்டு. சிலிக்கான் கலந்த அலுமினிய ராடு படலத்தைக் கட்டுப்படுத்தும் என்பது உறுதி. ஏன் என்பதில்தான் இன்னும் வாதம் ஓடுகிறது. சேர்மத்தின் படிகத்தில் காலியாகக் கிடக்கும் இடங்களைச் சிலிக்கான் போய் அடைத்துக்கொள்கிறது என்பது ஒரு கட்சி, அது வேறொரு சேர்மத்தை உண்டாக்கி நடுவில் சுவர் எழுப்புகிறது என்பது இன்னொரு கட்சி.

ஆக, அலுமினியத்தையும் இரும்பையும் ஒட்டி ஜெயித்த எல்லா முறைகளும் மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன. இரும்பை உருகவே விடுவதில்லை. அல்லது சூடு இருக்கும் நேரத்தைச் சில நொடிக்குள் முடித்துவிடுகின்றன. அல்லது ஏற்கெனவே ஒட்டிய துண்டை நடுவில் வைத்து, நாம் வெல்டிங் செய்யும்போது இரும்பு இரும்போடும் அலுமினியம் அலுமினியத்தோடும் மட்டும் உருகும்படி பார்த்துக்கொள்கின்றன.

மூன்றாவது வகையோடுதான் எனக்கு நேரடிப் பழக்கம் அதிகம், அதனால் அங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். எஃகு உடம்பும் அலுமினிய மேல்கட்டும் கொண்ட கப்பல்கள் நிறைய உண்டு. மேலே எடை குறைந்தால் கப்பல் கவிழாமல் நிலையாக நிற்கும், வேகமும் எரிபொருளும் லாபம். முன்பு இந்த இரண்டையும் நடுவில் காப்புப் பட்டை வைத்து ரிவெட் அடித்து இணைத்தார்கள். கடல் உப்பு அந்த இடுக்கில் புகுந்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கியது. இப்போது பெரும்பாலும் இருமுகப் பட்டை வைக்கிறார்கள். கீழே எஃகு, நடுவில் தூய அலுமினியம், மேலே கடலுக்கேற்ற மக்னீசியம் கலந்த அலுமினியம், மூன்றும் வெடிமருந்தால் ஒட்டியவை. வெடிமருந்தா என்று சிரிக்க வேண்டாம். எஃகுத் தகட்டின்மேல் சிறிய இடைவெளி விட்டு அலுமினியத் தகட்டை நிறுத்தி, அதன்மேல் வெடிமருந்தைப் பரப்பி ஒரு ஓரத்தில் பற்றவைப்பார்கள். வெடிப்பு அலை நொடிக்கு 2 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும்போது மேல்தகடு கீழ்த்தகட்டில் சாய்வாக வந்து அறையும். மோதும் முனையிலிருந்து ஓர் உலோகப் பீச்சு முன்னே பாய்ந்து, இரண்டு முகத்தின் ஆக்சைடையும் வழித்துக்கொண்டு போய்விடும். பின்னாலேயே சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் பேரழுத்தத்தில் அழுந்தும். வெட்டிப் பார்த்தால் இணைந்த கோடு பெரும்பாலும் கடல் அலைபோல நெளிந்திருக்கும். கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவில் எல்லாம் முடிந்துவிடுவதால் படலம் வளர அவகாசமே இல்லை. நடுவில் தூய அலுமினியம் வைப்பதற்கும் காரணம் உண்டு. மக்னீசியம் கலந்த அலுமினியம் எஃகோடு நேரடியாக நல்ல பிணைப்பைத் தராது.

அந்தப் பட்டை கைக்கு வந்துவிட்டால் வெல்டருக்கு வேலை சுலபம் என்று நினைத்துதான் நான் மாட்டிக்கொண்டேன். வெளிநாட்டில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தபோது, எஃகுப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம் என்று நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். அவசரப்படுத்திய சூப்பர்வைசர் பெயரும் வேண்டாம், பட்டறை பெயரும் வேண்டாம், கை என்னுடையது. அடுத்த நாள் அல்ட்ராசோனிக் சோதனைக்காரர் வந்து முக்கால் மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டார். உள்ளே பிணைப்பு விட்டுப்போயிருந்தது, வெளியே கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பட்டையின் இணைப்புக் கோடு 315 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. அன்று நான் அதை அளக்கவே இல்லை. அலுமினியப் பக்கத்தை முதலில் ஓட்ட வேண்டும், அப்போது எஃகுப் பக்கம் ஓட்டும்போது வரும் சூட்டை உறிஞ்ச பெரிய அலுமினிய உடம்பு மேலே தயாராக இருக்கும். கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, தொடர வேண்டும். பக்கத்தில் சூடு காட்டும் சாக்கால் கோடு போட்டுக்கொண்டே போக வேண்டும். இருமுகப் பட்டையின் அகலம் அலுமினியத் தகட்டின் தடிமனைப்போல் நாலு மடங்கு இருக்க வேண்டும் என்பதும் கப்பல்காரர்களின் கைக்கணக்கு. 6 மி.மீ. தகட்டுக்கு 24 மி.மீ. பட்டை. நடுவில் இருப்பது மென்மையான தூய அலுமினியம், அகலத்தால்தான் அந்தப் பலக்குறையை ஈடுகட்ட வேண்டும்.

அலுமினியம் உருக்கும் ஆலைகளிலும் இதே பட்டைதான். மின்பகுப்புத் தொட்டியில் கார்பன் நேர்முனையைத் தாங்கும் எஃகு நுகத்தடிக்கும், மேலே மின்சாரம் கொண்டுவரும் அலுமினியத் தண்டுக்கும் நடுவில் இரட்டை உலோகக் கட்டை இருக்கும். அங்கே ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடுகிறது, போல்ட் வைத்தால் தொடும் இடத்திலேயே மின்சாரம் சூடாக வீணாகும். கோள வடிவ அலுமினியத் தொட்டி வைத்த, எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) ஏற்றும் கப்பல்களில் தொட்டியைத் தாங்கும் பாவாடைப் பகுதியிலும் இது உண்டு. நடுவில் டைட்டானியமும் நிக்கலும் வைத்துச் செய்த, விலை அதிகமான பட்டை அது.

சமையலறை என்றேனே, அது என்னவென்றால் அடியில் அலுமினியத் தட்டு வைத்த எஸ்எஸ் குக்கரும், இப்போது எல்லாரும் வாங்கும் ட்ரைப்ளை கடாயும்தான். ட்ரைப்ளை என்பது எஸ்எஸ், அலுமினியம், எஸ்எஸ் மூன்று தகட்டைச் சுத்தம் செய்து ரோலரில் அழுத்தி ஒன்றாக்கியது. குக்கர் அடித்தட்டு சூடாக்கிப் பெரிய பிரஸ்ஸில் ஒரே இடியாக இடித்து ஒட்டியது. எதிலும் ராடு இல்லை, எதையும் உருக்கவில்லை. காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து மறந்துவிட்டு, அடித்தட்டு உப்பியோ கழன்றோ போய்ப் புலம்பும் வீடுகள் உண்டு. நான் பட்டறையில் செய்த தப்பை அவர்கள் அடுப்பில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சில நொடிக்குள் முடிக்கும் வகையில் உராய்வு முறை முக்கியம். ஒரு தண்டை வேகமாகச் சுழற்றி இன்னொன்றில் அழுத்தித் தேய்த்து, சூடேறியதும் சுழற்சியை நிறுத்தி இடித்து ஒட்டுவது. இன்ஜின் வால்வில் தலை ஒரு எஃகு, தண்டு வேறு எஃகு என்று இருப்பதை இப்படித்தான் இணைக்கிறார்கள். எஃகுத் தண்டோடு அலுமினியத் தண்டையும் இணைக்கலாம். எஃகு உருக்குலையாமல் இருக்க, அலுமினியம் மட்டும் பிதுங்கி வெளியே வரும், ஆக்சைடும் அதோடு வெளியேறும். வட்ட வடிவம் இல்லாத பொருளுக்கு இது ஆகாது. தகட்டுக்கு வேறொரு முறை இருக்கிறது, சுழலும் முள்ளை உலோகத்துக்குள் இறக்கிக் கிளறிக்கொண்டே நகர்த்துவது. 1991-இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ எனும் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்தார்கள். ஹோண்டா 2013-ஆம் ஆண்டு அக்கார்ட் காரின் முன்பக்க சப்-ஃப்ரேமில் (இன்ஜினைத் தாங்கும் சட்டத்தில்) எஃகையும் அலுமினியத்தையும் இந்த முறையில்தான் ஒட்டியது. முழு எஃகில் செய்ததைவிட 25 சதவீதம் எடை குறைந்தது என்று அறிவித்தார்கள். இந்த மெஷினை நான் ஓட்டியதில்லை, அருகில் நின்று பார்த்ததோடு சரி. அதனால் முள் தேய்மானம், வேகம் பற்றியெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். திருச்சி பெல் வளாகத்தில் இருக்கும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் கேட்டால் ஆதாரத்தோடு சொல்வார்கள்.

இப்போது உங்களுக்கு நெருக்கமான முதல் வகைக்கு வருகிறேன், வீடியோவில் நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைப் பஞ்சால் இழுத்துவிடுவார். பித்தளை உருகவே இல்லை, ஈயம் மட்டும் உருகிப் பரவி ஒட்டுகிறது. இங்கேயும் அதே தத்துவம். ஒரே ஜாயின்ட்டில் அலுமினியப் பக்கம் உருகி வெல்டிங் ஆகும், இரும்புப் பக்கம் உருகாமல் பிரேஸிங் ஆகும். ஆனால் வெறும் எம்எஸ் வேண்டாம், ஜிஐ ஷீட் வேண்டும். அதன் துத்தநாகப் பூச்சுதான் நவச்சாரத்தின் வேலையைச் செய்கிறது, உருகிய அலுமினியம் அதன்மேல் எண்ணெய்போலப் பரவும். ராடு சிலிக்கான் அதிகமுள்ள 4047 அல்லது 4043. அலுமினியம் மேலே, ஜிஐ கீழே, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய லேப் ஜாயின்ட். ஆர்க் அலுமினிய ஓரத்தில்தான் நிற்க வேண்டும், ஜிஐ பக்கம் போகவே கூடாது. ஆஸ்திரியாவின் ஃப்ரோனியஸ் நிறுவனம் கம்பியை முன்னும் பின்னுமாக இழுத்து மிகக் குறைந்த சூட்டில் ஓட்டும் சிஎம்டி மெஷினைக் கொண்டுவந்த பிறகு, கார்த் தகடுகளில் இது தொழில்முறையாகவே சாத்தியமானது. 1 மி.மீ. அளவுத் தகட்டில் ஒழுங்காகச் செய்தால், இழுத்துப் பார்க்கும்போது ஜாயின்ட் விடாமல் பக்கத்து அலுமினியமே கிழியும்.

கையால் ஆர்கானில் இதைச் செய்ய முடியும், நானும் செய்திருக்கிறேன். பத்தில் சில துண்டுகள் நன்றாக நின்றன, சில வைஸில் வைத்துத் தட்டியதும் விட்டன. எது நிற்கும் எது விடும் என்று பீடைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் இதைச் சுமை தாங்கும் இடத்துக்குப் பரிந்துரைக்காததற்குக் காரணமே அதுதான். வீடியோக்காரர்கள் பீடைக் காட்டுவார்கள், சுத்தியலைக் காட்ட மாட்டார்கள். இன்னொன்று, துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து வெள்ளைப் புகையாகும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம் பட்டறைகளில் தலைமுறையாக ஓடும் நம்பிக்கை. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. ஃபேன் வைத்து, தகுந்த மாஸ்க் போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்வதுதான் வழி.

கேஸ் டார்ச்சில் உருக்கும் துத்தநாக ராடுகள் ஆன்லைனில் விற்கின்றன, 400 டிகிரிக்குள் உருகும். அலுமினியம் அலுமினியத்தோடு, ஆக்சைடைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தால், சின்ன ஓட்டை அடைக்க உதவும். இரும்பில் தகுந்த ஃப்ளக்ஸ் (நவச்சாரம்போல மேல்பரப்பைச் சுத்தப்படுத்தும் மருந்து) இல்லாமல் உருண்டையாக உருண்டு விழும். லாரித் தளத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

உங்கள் வேலையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் நீளும், இரும்பு 12. தளம் 2.4 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை 25 டிகிரியில் இருந்த தகடு மத்தியான வெயிலில் 65 ஆகிறது. அலுமினியம் 2.2 மி.மீ. நீளும், அடியில் இருக்கும் சட்டம் அதே சூட்டுக்கு வந்தாலும் 1.15 மி.மீ.தான் நீளும். சட்டம் நிழலில் இருப்பதால் அதற்கும் குறைவாகத்தான் நீளும், வித்தியாசம் இன்னும் கூடும். தினமும் ஒரு மி.மீ.க்கு மேல் இழுத்து விடும் ஜாயின்ட்டில், உடையத் தயாராக ஒரு பீங்கான் படலத்தை வைப்பானேன்? எப்படியோ அதிசயமாக முழு நீளமும் ஒட்டிவிட்டாலும், தகடு நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும்.

அரிப்பு அடுத்த விஷயம். இரண்டும் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் சின்ன பேட்டரி ஆகிவிடும், கரைவது அலுமினியம். வண்டி மீன் ஏற்றும் என்றாலோ தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் ஓடும் என்றாலோ இதைக் கண்டிப்பாகக் கணக்கில் எடுங்கள். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய எஸ்எஸ் போல்ட் இருந்தால் பாதிப்பு பரவிப்போவதால் சமாளிக்கலாம். பெரிய இரும்புச் சட்டத்தில் சிறிய அலுமினிய ரிவெட் வைத்தால் ரிவெட் சீக்கிரம் கரைந்துபோகும். பெயின்ட் அடிப்பதிலும் பலர் தலைகீழாகச் செய்வார்கள், கரைகிற அலுமினியத்துக்கு மட்டும் அடிப்பார்கள். பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் மொத்த அரிப்பும் அந்தக் கீறலில் போய் உட்காரும். இரும்புக்குக் கட்டாயம் அடியுங்கள், இரண்டுக்கும் அடித்தால் இன்னும் நல்லது.

கார் கம்பெனிகளே பெரும்பாலும் வெல்டிங்கை நம்பவில்லை என்பதைப் பார்ட்டியிடம் சொல்லுங்கள். 2003-இல் வந்த பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் முன்பக்கம் அலுமினியம், பின்பக்கம் எஃகு. இரண்டும் சேரும் இடத்தில் ரிவெட்டும் பசையும்தான். அவ்வளவு பணமும் மெஷினும் இருந்த இடத்திலேயே அந்த முடிவு.

பார்ட்டியின் ஆசை வெல்டிங் மேல் இல்லை என்று நினைக்கிறேன். மேலே போல்ட் தலை தட்டக்கூடாது, சரக்கு இழுக்கும்போது மாட்டக்கூடாது, தண்ணீர் இறங்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்பது. அதை உங்கள் மெஷினை வைத்தே கொடுக்கலாம். செக்கர் பிளேட்டுகளை முதலில் ஒன்றோடொன்று ஆர்கானில் ஓட்டி ஒரே தளமாக்குங்கள். அதன் அடிப்பக்கத்தில், சட்டத்தின் குறுக்குக் குழாய்கள் வரும் இடங்களில், 40 மி.மீ. அலுமினிய ஆங்கிள் துண்டுகளை 5356 ராடால் ஓட்டுங்கள். பிளேட் 5052 அல்லது 6061 வகையாக இருந்தால், இரண்டுக்கும் 5356 பொருந்தும். வாங்கும்போது எந்த கிரேடு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள். அந்த ஆங்கிளைக் குழாயின் பக்கவாட்டில் எஸ்எஸ் போல்ட், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்) போட்டு இறுக்க வேண்டும். நடுவில் 2 மி.மீ. நியோபிரீன் அல்லது நைலான் பட்டை வையுங்கள். சாக்கு, லெதர், பிளைவுட் வேண்டாம், எல்லாம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ்ஷும் வாஷரும் போடுங்கள், இல்லையென்றால் பட்டை வைத்தும் பயனில்லை, போல்ட் வழியாகவே இரண்டும் தொட்டுக்கொள்ளும்.

தளத்தின் நடுவில் ஒரு வரிசை போல்ட்டுக்கு மட்டும் வட்ட ஓட்டை, மற்ற எல்லா வரிசைக்கும் வண்டியின் நீள வாக்கில் 3 மி.மீ. கூடுதல் நீளமுள்ள நீள்ஓட்டை. அப்போது தகடு நடுவிலிருந்து இருபக்கமும் தாராளமாக நீண்டு சுருங்கும். நீள்ஓட்டையில் வரும் போல்ட்டுகளை முழு முறுக்கில் இறுக்காமல், ஆங்கிள் வழுக்கும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள், நைலாக் நட் போடச் சொன்னது அதற்காகத்தான். எம்எஸ் சட்டத்தை முழுக்க வெல்டிங் முடித்து, துரு தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகுதான் தளத்தை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன டேக் (பொட்டு வெல்டிங்) விட்டுப்போச்சே என்று எம்எஸ்ஸில் ஆர்க் அடித்தீர்களானால் நைலான் எல்லாம் உருகி ஓடிவிடும்.

ஒரு ஆங்கிள் துண்டை முதலில் கழிவுப் பிளேட்டில் ஓட்டி, வைஸில் கடித்து, சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். மடங்கினால் தொடருங்கள். ஓரம் பிளந்து உள்ளே கறுப்பாகத் தெரிந்தால் அழுக்கு மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், பழைய பிரஷ் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இரும்பு தேய்த்த பிரஷ்ஷை அலுமினியத்தில் போடாமல், இந்த வேலைக்கென்று புதிதாக ஒரு எஸ்எஸ் பிரஷ் வாங்கி, கைப்பிடியில் பெயின்ட்டால் அடையாளம் போட்டுத் தனியாகத் தொங்கவிடுங்கள்.